நண்டு காலி செய்த வீடு

வணக்கம். காசிமேட்டுக்கு வந்து நண்டுக்கு வலிக்குமா என்று பேசுவது வம்பை விலைக்கு வாங்குவதுதான். பயப்படாதீர்கள், குழம்பை விடச் சொல்ல நான் வரவில்லை. எங்கள் வீட்டிலும் ஞாயிறு என்றால் நண்டுதான்.

என் அம்மா உயிர் நண்டைக் கொதிக்கிற தண்ணீரில் போட மாட்டார். போட்டால் காலெல்லாம் கழன்று வந்துவிடும், சட்டியில் பார்க்க நன்றாக இருக்காது என்பார். அதனால் முதலில் வயிற்றுப் பக்கத்து மூடியைத் தூக்கிக் கத்தியால் ஒரு குத்து. அப்புறம்தான் அடுப்பு.

ஆபத்து வந்தால் பல்லி வாலை விடுவதுபோல நண்டு காலை விடும். அது வலியா? சொல்ல முடியாது. தோசைக்கல்லில் விரல் பட்டால், 'ஆ' என்பதற்கு முன்பே கை பின்வாங்கிவிடுகிறதே! அந்த அனிச்சைக்கு முதுகுத்தண்டே போதும், மூளை வேண்டியதில்லை. ஆகவே துடிப்பதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது.

பெல்ஃபாஸ்டில் ராபர்ட் எல்வுட் என்ற விஞ்ஞானி வேறு வழி பிடித்தார். காலிச் சங்கில் குடியிருக்கும் நண்டுகளுக்குச் சங்குக்குள்ளேயே லேசாக ஷாக் கொடுத்தார். 2009இல் வந்த ஆய்வு. பிடிக்காத வகைச் சங்கில் இருந்தவைதான் அதிகம் வெளியேறின. பிடித்த சங்கு கிடைத்தவை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தன. (நண்டுக்குப் பல் ஏது என்பீர்கள். இருக்கிறது, வயிற்றுக்குள்!) ராயபுரத்தில் குறைந்த வாடகைக்கு வீடு கிடைத்தவர் கூரை ஒழுகினால் உடனே காலி செய்வாரா? அதே கணக்குதான். வெறும் அனிச்சைக்கு இப்படிக் கூட்டிக் கழிக்கத் தெரியாது.

சிங்கி இறாலை உயிரோடு வேகவைப்பதை 2018இல் ஸ்விட்சர்லாந்து தடை செய்தது. 2022இல் பிரிட்டன், நண்டு, இறால், கணவாய் எல்லாவற்றையும் உணர்வுள்ள உயிர்கள் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டது.

சரி, பூச்சிகள்? தொல்காப்பியர் நண்டையும் தும்பியையும் ஒரே வரியில் வைத்து நான்கறிவு என்றார். அது புலன்களின் கணக்கு, வலியின் கணக்கல்ல. கும்பிடுபூச்சி தன்னைத் தின்னும்போதே இலையைத் தின்றுகொண்டிருந்த வெட்டுக்கிளியை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆனால் லண்டனில் வண்டுத்தேனீக்கள் சின்ன மர உருண்டைகளை எந்தப் பரிசும் இல்லாமல் திரும்பத் திரும்ப உருட்டி விளையாடின. 2022 செய்தி அது. விளையாடத் தெரிந்ததற்கு வலி தெரியாது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன்.

நேரமாகிவிட்டது, கேள்விகளைக் கேளுங்கள். கொசுவைப் பற்றி மட்டும் வேண்டாம். பக்கிங்ஹாம் கால்வாய் ஓரம் குடியிருக்கிறவர்களிடம் கொசுவுக்காக வாதாட எனக்குத் தைரியம் இல்லை.