அரியலூர்க் கடலில் எஞ்சியவையும் எஞ்சாதவையும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைகளுக்கு லாரி லாரியாகச் செல்லும் சுண்ணாம்புக்கல், ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமற்ற கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகள் குவிந்து இறுகியது. கல்லங்குறிச்சிச் சுரங்கங்களில் கிரைஃபியா என்னும் தடித்த ஓட்டுச் சிப்பிகள் செறிந்து கிடப்பதை இன்றும் காணலாம்.

கிரீட்டேசியக் காலம் 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. கோண்டுவானா என்னும் பழம்பெருங்கண்டத்திலிருந்து பிரிந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த இந்தியாவின் கிழக்கு ஓரத்தில் அக்காலக் கடல் உட்புகுந்தும் பின்வாங்கியும் விட்டுச்சென்ற படிவுகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்னும் தொகுதிகளாக நிலவியலார் வகுத்துள்ளனர். 1860களில் இவற்றின் தொல்லுயிர் எச்சங்களை நிலவியலாளர் ஃபெர்டினாண்ட் ஸ்டொலிஸ்கா விரித்து எழுதினார். உலகின் பிற பகுதிகளில் கிடைத்த அம்மோனைட்டுகளையும், அதாவது கணவாயின் உறவான சுருள் ஓட்டுக் கடலுயிர்களையும், நம்முடையவற்றையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். இடையிடையே உருண்டையான கற்கள் அகப்படும்போதெல்லாம் டைனோசர் முட்டை என்று செய்தி பரவுகிறது; அவற்றுள் பல, கடற்படிவில் தாதுக்கள் திரண்டு உருவான வெறும் உருண்டைகளே.

மெய்யான டைனோசர் எலும்புகள், கடல் பின்வாங்கியிருந்தபோது படிந்த கல்லமேட்டு மணற்கல்லில் கிடைத்துள்ளன. அதற்கு மேலே நின்னியூர்ச் சுண்ணாம்புக்கல் அமைந்திருக்கிறது. அது கடல் மீண்டும் வந்தபின் படிந்தது. அந்த மேலடுக்கில் டைனோசரும் இல்லை, அம்மோனைட்டும் இல்லை. இவ்விரு அடுக்குகளுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் மெக்சிகோவின் சிக்சுலுப்பில் விண்கல் மோதியது. தக்காண எரிமலைக் குழம்பும் அக்காலத்தை ஒட்டியே பெருக்கெடுத்தது. டைனோசரும் அம்மோனைட்டும் அழிந்ததற்கு இரண்டில் எது முதன்மைக் காரணம் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. எனினும் அழிவு திடீரென நிகழ்ந்ததைப் பார்க்கும்போது, விண்கல்லின் பக்கமே சான்று வலுவாக இருப்பதாக நான் கருதுகிறேன்.

என்னை மிகவும் சிந்திக்க வைப்பது அம்மோனைட்டின் முடிவே. முப்பது கோடி ஆண்டுகளுக்கு மேல் கடலில் செழித்த அந்த இனம் அழிந்தது. ஆனால் அதே போன்ற சுருள் ஓடு கொண்ட நாட்டிலஸ் பிழைத்தது. அம்மோனைட்டின் குஞ்சு ஒரு மில்லிமீட்டர் அளவினது. கடலின் மேற்பரப்பில் மிதவையுயிரிகளோடு கலந்து வளர்ந்தது. விண்கல் மோதி எழுந்த தூசியால் சூரிய ஒளி மறைந்து அம்மிதவையுயிரிகள் மடிந்தபோது அக்குஞ்சுகளுக்கு இரையில்லாமல் போயிற்று. நாட்டிலஸோ சில பெரிய முட்டைகளையே இடுகிறது. அதன் குஞ்சு ஓரங்குல அளவோடு வெளிவந்து, ஆழத்தில் கிடைப்பதைத் தின்று வாழ வல்லது. இதுவே பலர் ஏற்கும் விளக்கம்.

நிலத்திலும் தப்பியவை பெரும்பாலும் சிற்றுயிர்களே. பறவையினத்தின் ஒரு கிளையும், எலியளவுப் பாலூட்டிகளும், கிரீட்டேசியத்திலேயே பரவத் தொடங்கியிருந்த பூக்கும் தாவரங்களும் வெறுமையான இடத்தை நிரப்பின. ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றைய பாகிஸ்தான் பகுதியில், அப்பாலூட்டிகளின் வழிவந்த நாற்கால் விலங்குகள் சில மீண்டும் நீரில் இறங்கின; திமிங்கிலங்கள் அவற்றிலிருந்து தோன்றியவை.