1260-இல் வரவேண்டிய காலம்

எல்லோருக்கும் வணக்கம். தெற்கு இத்தாலியில், கலாப்ரியா மலைகளில், ஃபியோரே என்ற இடத்தில் மடம் கட்டி வாழ்ந்த யோவாக்கிம் என்ற துறவி 1202-இல் இறந்தார். பூமியில் ஒரு புதிய காலம் தொடங்கும் என்று அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட வருஷம் 1260.

வேதாகமத்தில் மத்தேயு சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தைப் பாருங்கள். ஆபிரகாமிலிருந்து கிறிஸ்து வரை பதினான்கு பதினான்காக மூன்று முறை, ஆக 42 தலைமுறை. கிறிஸ்துவுக்குப் பிறகும் அதே 42 என்று வைத்து, தலைமுறைக்கு 30 வருஷம் என்று பெருக்கினால் 1260. வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் ஒரு ஸ்திரீ வனாந்தரத்தில் மறைந்திருக்கும் நாட்களும் அதே 1260. யோவாக்கிம் தேதியை அடித்துச் சொல்லவில்லை, பின்னால் வந்தவர்கள்தான் அதற்கு முடிச்சுப் போட்டார்கள்.

அவர் பெயரில் உள்ள சித்திர நூலில் ஏழு தலை வலுசர்ப்பம் ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு தலையும் திருச்சபையைத் துன்புறுத்திய ஒருவர். முதல் தலை ஏரோது, அடுத்தது நீரோ, இப்படியே வந்து ஆறாவது தலை சலாவுதீன், 1187-இல் எருசலேமைப் பிடித்தவர். சிலுவைப் போருக்குக் கிளம்பிய இங்கிலாந்து அரசர் ரிச்சர்ட், வழியில் மெஸ்ஸினாவில் தங்கியிருந்த குளிர்காலத்தில் இவரை வரவழைத்து விளக்கம் கேட்டார் என்றால் பாருங்கள்!

ஆனால் என்னைக் கேட்டால், தேதியை விட முக்கியமானது வேறு. கிறிஸ்து வந்ததோடு கடைசிக் காலம் தொடங்கிவிட்டது, இனி பூமியில் புதிதாக எதிர்பார்க்க ஒன்றுமில்லை, நியாயத்தீர்ப்புதான் மிச்சம் என்பது பழைய திருச்சபை அறிஞர் அகஸ்டின் காலத்திலிருந்து திருச்சபை சொல்லிவந்தது. யோவாக்கிம் சொன்னதோ: பிதாவின் காலம் முடிந்தது, சுதனின் காலம் நடக்கிறது, பரிசுத்த ஆவியின் காலம் இனிமேல்தான், அதுவும் இந்த மண்ணிலேயே, சமாதானமாக. நாளை இன்றைவிட நன்றாக இருக்கும் என்பதை வேத வசனத்திலிருந்தே எடுத்துக் காட்டிய மனிதர் அவர். அதனால்தான் அவரை வெறும் பயமுறுத்தல்காரர் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுப்பதில்லை.

அப்புறம் அது மற்றவர்கள் கைக்குப் போனது. ஜெரார்டோ என்ற பிரான்சிஸ்கன் துறவி 1254-இல் பாரிஸில், யோவாக்கிமின் நூல்களே நித்திய சுவிசேஷம், பழைய, புதிய ஏற்பாடுகள் இரண்டின் காலமும் முடிந்தது என்று எழுதிவிட்டார். மறுவருஷமே போப் அந்தப் புத்தகத்தைக் கண்டித்தார். ஜெரார்டோ சிறையிலேயே செத்தார்.

1260-உம் வந்தது. பஞ்சத்திலும் நோயிலும் ஊர்ச் சண்டையிலும் நொந்துபோயிருந்த பெருஜியா ஜனங்கள், வெற்று முதுகில் தங்களையே சவுக்கால் அடித்துக்கொண்டு, இரக்கம் கேட்டுக் கதறியபடி தெருத்தெருவாகப் போனார்கள். அது நகரம் நகரமாகப் பரவியது. வருஷம் முடிந்தது, ஒன்றும் நடக்கவில்லை. யோவாக்கிமை நம்பியிருந்த சலிம்பெனே என்ற துறவி, இனி கண்ணால் கண்டதைத்தான் நம்புவேன் என்று விட்டுவிட்டார்.

தேதி செத்தது, எதிர்பார்ப்பு சாகவில்லை. 1503-இல் புழு அரித்த கப்பல்களோடு ஜமைக்காவில் மாட்டிக்கொண்ட கொலம்பஸ், ஸ்பெயின் அரசருக்கும் அரசிக்கும் கடிதம் எழுதுகிறார்: எருசலேமை மீண்டும் கட்டப்போகிறவர் ஸ்பெயினிலிருந்து வருவார் என்று மடாதிபதி யோவாக்கிம் சொல்லியிருக்கிறாராம். யோவாக்கிம் செத்து முந்நூறு வருஷம் ஆகியிருந்தது, அவர் அப்படி எழுதவும் இல்லை.