வங்கிக்குப் போகாத காசோலைகள்

அனைவருக்கும் வணக்கம். தலைவர் அறிமுக உரையில் என்னைக் 'கால்பந்து தெரிந்தவர்' என்று சொல்லிவிட்டார். பந்தை உதைக்க எனக்குத் தெரியாது. உதைத்தவர்களைப் பற்றிப் படித்திருக்கிறேன், அவ்வளவுதான். ஆட்டக்காரர்கள் பயிற்சியாளர் ஆவதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஆட்டக்காரராகவும் வென்று, பயிற்சியாளராகவும் உலகக்கோப்பையை வென்றவர்கள் மூன்றே பேர்: பிரேசிலின் ஜகாலோ, ஜெர்மனியின் பெக்கன்பவர், பிரான்சின் டெஷாம். அவர்களைப் பற்றிப் பேசத்தான் பலரும் இருக்கிறார்கள். நான் இன்றைக்கு எடுத்துக்கொண்டிருப்பது, தான் பயிற்சி கொடுத்த அயர்லாந்து நாட்டுக்குப் பெரிய கோப்பை எதையும் வாங்கித் தராத ஜாக் சார்ல்டன் என்ற மனிதரை. அந்த நாடு அவரை எப்படிக் கொண்டாடியது என்பதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

இங்கிலாந்தின் வடகிழக்கில் ஆஷிங்டன் என்று ஒரு ஊர். நிலக்கரிச் சுரங்க ஊர். அங்கே சார்ல்டன் வீட்டில் இரண்டு பிள்ளைகள் பந்தாடக் கிளம்பினார்கள். மூத்தவர் ஜாக், 1935இல் பிறந்தவர். இளையவர் பாபி. 1966இல் இங்கிலாந்து உலகக்கோப்பையை வென்றபோது அண்ணன் தம்பி இருவரும் அந்த அணியில் இருந்தார்கள். அரையிறுதியில் போர்ச்சுகலுக்கு எதிராக இரண்டு கோலையும் அடித்தவர் பாபி. அதை அவர்களுடைய அப்பா பார்க்கவில்லை. சுரங்கத்தில் அவருக்கு அன்றைக்கு ஷிஃப்ட். மகன் உலகக்கோப்பை அரையிறுதி ஆடுகிறான் என்று லீவு கேட்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை!

பாபி பிறவிக் கலைஞர். இரண்டு காலாலும் ஒரே மாதிரி அடிப்பார். ஜாக் அப்படி இல்லை. பதின்ம வயதில் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்து, இது எனக்கு ஆகாது என்று வெளியே வந்தவர். உயரம், நீளக் கழுத்து, தலையால் முட்டுவதில் கெட்டிக்காரர். லீட்ஸ் என்ற ஒரே கிளப்புக்கு 773 ஆட்டங்கள் ஆடினார். இங்கிலாந்து அணியில் இடம் கிடைத்தபோது வயது முப்பதை நெருங்கிவிட்டது. ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே பயிற்சியாளர் வகுப்புகளுக்குப் போனார், பள்ளிப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். தனக்கு என்ன வராது என்று அவருக்குத் தெரியும்.

1973இல் இருவரும் ஒரே சமயத்தில் ஓய்வு பெற்றார்கள். இருவருமே மேனேஜர் ஆனார்கள். அங்கே பயிற்சியாளரை மேனேஜர் என்றுதான் சொல்வது. ஜாக் மிடில்ஸ்பரோவுக்குப் போனார், பாபி பிரெஸ்டனுக்கு. இரண்டும் இரண்டாம் டிவிஷன் அணிகள். அந்த சீசன் முடிந்தபோது பட்டியலை எடுத்துப் பார்த்தால் மேலே முதலிடத்தில் அண்ணனுடைய அணி. கீழே, மூன்றாம் டிவிஷனுக்கு இறக்கப்பட்டவற்றில் தம்பியுடைய அணி. ஒரே வீடு, ஒரே வருஷம், ஒரே பட்டியல்.

இதிலிருந்து 'பெரிய ஆட்டக்காரன் நல்ல பயிற்சியாளன் ஆக மாட்டான்' என்று சட்டம் போட நான் தயாராக இல்லை. இரண்டிலும் ஜெயித்தவர்கள் என்று குரூயிஃப் இருக்கிறார், அன்சலோட்டி இருக்கிறார். ஆனால் பாபிக்கு எது கஷ்டமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். நம் வீட்டுப் பாட்டியிடம் ரசத்துக்கு எவ்வளவு புளி என்று கேட்டால், 'ஒரு திட்டம்தான்' என்பாள். அந்தத் திட்டத்தைக் கற்றுக்கொடுக்க முடியாது. முப்பது கெஜத்திலிருந்து பாபி அடித்த அடியும் அப்படிப்பட்டதுதான். ஜாக் ஒவ்வொன்றையும் கணக்குப் போட்டுக் கற்றவர், அதனால் அந்தக் கணக்கை இன்னொருவருக்குச் சொல்ல அவரால் முடிந்தது.

மிடில்ஸ்பரோவில் ஜாக் ஒப்பந்தமே வேண்டாம் என்றார். கை குலுக்கினால் போதும், மீன் பிடிக்கவும் வேட்டைக்குப் போகவும் எனக்கு நாள் விட வேண்டும், அவ்வளவுதான். இந்த மீன் விஷயம் கடைசிவரை கூடவே வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஷெஃபீல்ட் வெட்னஸ்டே என்ற அணி, அதன்பின் நியூகாசில். நியூகாசில் அவருடைய சொந்த மண்ணின் அணி. 1985 ஆகஸ்டில், சீசன் தொடங்கும் முன் ஒரு நட்புமுறை ஆட்டம். ரசிகர்கள் எதிர்பார்த்த ஓர் ஆட்டக்காரரை வாங்கவில்லை என்ற கோபத்தில் அவரைப் பார்த்துக் கத்தினார்கள். ஜாக் ராஜினாமா செய்துவிட்டு நடையைக் கட்டினார். நான் படித்தவரையில் அதற்காகப் பெரிதாக வருந்தியவராகவும் தெரியவில்லை. ரோஷக்காரர்.

அடுத்த ஆறு மாதத்தில் அயர்லாந்து. அந்த நியமனமே ஒரு கூத்து. 1986 பிப்ரவரியில் அயர்லாந்து கால்பந்துச் சங்கத்தில் 18 பேர் வாக்களித்தார்கள். லிவர்பூல் கிளப்புக்கு மூன்று ஐரோப்பிய கிளப் கோப்பைகளை வாங்கித் தந்த பாப் பெய்ஸ்லிக்கு முதல் சுற்றில் 9 வாக்கு. இன்னும் ஒன்று கிடைத்திருந்தால் கதை முடிந்திருக்கும். சுற்றுகள் போகப் போக யாரோ மனம் மாறி, கடைசியில் 10க்கு 8 என்று ஜாக் வந்துவிட்டார்.

வந்தவர் ஆங்கிலேயர். அயர்லாந்தில் அதற்கு என்ன பொருள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாமும் அவர்கள் ஆட்சியில் இருந்தவர்கள்தான். பிரிட்டனோடு இருக்கும் வடக்கு அயர்லாந்தில் துப்பாக்கியும் வெடிகுண்டும் ஓயாத காலம் அது. முதல் ஆட்டம் டப்ளினில், வேல்ஸுடன். 1-0 என்று தோல்வி. 'யூனியன் ஜாக்கே, வீட்டுக்குப் போ' என்று ஒரு பதாகை. பிரிட்டிஷ் கொடிக்கும் அதே பெயர்தானே, இவர் பெயரோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள்.

ஜாக் என்ன செய்தார்? சர்வதேச அணிகள் எல்லாம் ஒரே மாதிரி ஆடுகின்றன என்று கவனித்தார். பின்னாலிருந்து நிதானமாகப் பந்தைக் கொண்டுவந்து, நடுக்களத்தில் ஒரு வித்தைக்காரரிடம் கொடுத்து, அவர் வழியாகத் திறப்பது. தன்னிடம் இருக்கும் ஆட்களை வைத்து அப்படி ஆடினால் எதிரணிதான் ஜெயிக்கும். எனவே பந்தை எதிரணித் தடுப்பாட்டக்காரர்களின் முதுகுக்குப் பின்னால் போடச் சொன்னார். அவர்கள் திரும்பித் தங்கள் கோலை நோக்கி ஓட வேண்டும். ஓடி எடுக்கிற நேரத்தில் நம் ஆள் பக்கத்தில் போய் நிற்க வேண்டும், மூச்சு விட விடக்கூடாது. இன்றைக்கு 'பிரஸ்ஸிங்' என்று பெரிய பெரிய வரைபடம் போட்டு விளக்குகிறார்களே, அதற்கு இது ஒரு முரட்டு உறவுக்காரன்.

பார்க்க அழகாக இருந்ததா? இல்லை. இதில் ஜாக்குக்கு வக்காலத்து வாங்க எனக்கு மனம் இல்லை. அயர்லாந்து பெற்ற மிக நளினமான ஆட்டக்காரர்களில் ஒருவர் லியம் பிரேடி. 1989இல் மேற்கு ஜெர்மனியுடனான நட்புமுறை ஆட்டத்தில் முதல் பாதி முடிவதற்குள்ளேயே அவரை வெளியே எடுத்துவிட்டார். பிரேடியின் சர்வதேச வாழ்க்கை ஏறத்தாழ அதோடு முடிந்தது. இடைவேளை வரையாவது விட்டிருக்கலாம். டேவிட் ஓலியரி என்று இன்னொருவர். முதலில் அணியில் சேர்க்காமல் விட்டு, பிறகு ஆள் குறைந்ததும் கூப்பிட்டார் ஜாக். குடும்பத்தோடு விடுமுறைக்கு ஏற்பாடு செய்துவிட்டேன் என்று அவர் வர மறுத்தார். அதற்காக ஜாக் அவரை இரண்டு வருஷத்துக்கு மேல் ஒதுக்கி வைத்தார். இந்த ஓலியரி மறுபடியும் வருவார்.

ஆட்களை அவர் சேர்த்த விதம் இன்னொரு கதை. தாத்தாவோ பாட்டியோ அயர்லாந்தில் பிறந்திருந்தால் அந்த நாட்டுக்கு ஆடலாம். ஜாக் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் பிறந்த பிள்ளைகளைத் தேடித் தேடிப் பிடித்தார். சங்கத்தின் சுருக்கப் பெயர் எஃப்.ஏ.ஐ. அதை 'ஃபைண்ட் அனதர் ஐரிஷ்மேன்', அதாவது 'இன்னொரு ஐரிஷ்காரனைக் கண்டுபிடி' என்று விரித்துக் கிண்டல் செய்தார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். பஞ்சத்திலும் வேலையின்மையிலும் தலைமுறை தலைமுறையாகக் கப்பலேறிய நாடு அது. எண்பதுகளிலும் இளைஞர்கள் லண்டனுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். போனவர்களின் பேரன்கள் அயர்லாந்து அணியின் பச்சைச் சட்டையோடு திரும்பி வந்தார்கள். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போன குடும்பங்களைப் பார்த்த நமக்கு அது சிரிப்பதற்கு மட்டுமான விஷயமாகத் தெரியாது.

1988, ஐரோப்பியக் கோப்பை. அயர்லாந்து பெரிய போட்டி ஒன்றுக்குத் தகுதி பெற்றது அதுவே முதல் தடவை. ஜூன் 12, ஸ்டுட்கார்ட் நகரம், முதல் ஆட்டமே இங்கிலாந்துடன். ஆறாவது நிமிடத்தில் ரே ஹௌட்டன் தலையால் முட்டி ஒரு கோல். இந்த ஹௌட்டன் பிறந்தது கிளாஸ்கோவில்! மீதி நேரம் முழுக்க இங்கிலாந்து முட்டி மோதியது, கோல்கீப்பர் பேக்கி பானர் மலை மாதிரி நின்றார். 1-0. ஆங்கிலேயரின் கையால் ஆங்கிலேயர்களுக்குத் தோல்வி. பதாகை எழுதியவர் அன்றைக்கு என்ன செய்தாரோ.

1990 இத்தாலி உலகக்கோப்பை. இதில் ஒரு வேடிக்கை: அயர்லாந்து ஓர் ஆட்டத்தில்கூட நேரடியாக ஜெயிக்கவில்லை, மொத்தம் அடித்தது இரண்டே கோல், ஆனாலும் காலிறுதி வரை போனது. இங்கிலாந்துடன் டிரா, எகிப்துடன் டிரா, நெதர்லாந்துடன் டிரா. நெதர்லாந்தோடு எல்லாக் கணக்கும் சமமாகிப்போய், இரண்டாம் இடம் யாருக்கு என்று சீட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். அடுத்து ஜெனோவாவில் ருமேனியா. அதுவும் கோல் இல்லாமல் பெனால்டிக்குப் போயிற்று. ருமேனியாவின் ஐந்தாவது அடியை பானர் வலப்பக்கம் பாய்ந்து தடுத்தார். இப்போது அயர்லாந்தின் ஐந்தாவது அடி. போட்டால் காலிறுதி. பந்தை வைத்துவிட்டு நிற்பவர் யார் என்று பார்த்தால், ஓலியரி. விடுமுறைக்காக ஒதுக்கப்பட்ட அதே ஓலியரி. அடித்தார், உள்ளே போனது.

காலிறுதியில் ரோமில் இத்தாலியிடம் 1-0 என்று தோற்றார்கள். தோற்றுத் திரும்பிய அணியை வரவேற்க டப்ளின் தெருக்களில் சுமார் 5 லட்சம் பேர் என்றார்கள். நாட்டின் மொத்த மக்கள்தொகையே 35 லட்சம்தான். சிறையிலிருந்து விடுதலையாகிச் சில மாதங்களே ஆகியிருந்த நெல்சன் மண்டேலாவும் அன்றைக்கு டப்ளினில்தான் இருந்தார். ஊர் இரண்டு வரவேற்புகளையும் ஒரே நாளில் நடத்தியது.

இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். ஜாக் அயர்லாந்தில் எங்கே போனாலும் மதுக்கடையில் யாராவது வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். மனிதருக்குக் கூச்சமாக இருக்கும். தானே எல்லோருக்கும் வாங்கித் தருவதாகச் சொல்லி ஒரு காசோலை எழுதிக் கொடுப்பார். கடைக்காரர் அதை வங்கியில் போட மாட்டார். கையெழுத்து இருக்கிறதே! கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிடுவார். இப்படி எத்தனையோ காசோலைகள் பணமாகாமல் கிடந்தன என்று அங்கே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். ஜாக்குக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

மேயோ மாவட்டத்தில் பாலினா என்ற ஊரில் அவர் ஒரு வீடே வாங்கிவிட்டார். பக்கத்தில் மோய் நதி, சால்மன் மீனுக்குப் பேர்போனது. தலையில் தட்டைத் தொப்பி, கையில் தூண்டில், ஆட்டக்காரர்களின் பெயரையே மாற்றி மாற்றிக் கூப்பிடுகிற மறதி. நம் ஊர்ப் பெரியப்பா யாரையோ பார்க்கிற மாதிரி இருந்தது அவர்களுக்கு. கார்க் விமான நிலையத்தில் அவருக்கு ஒரு சிலை இருக்கிறது. பந்தோடு இல்லை, மீன் பிடிக்கிற கோலத்தில்.

எல்லாம் இனிப்பாகவே இருந்தது என்று நினைக்க வேண்டாம். 1994 உலகக்கோப்பை. ஜூன் 18, நியூயார்க் பக்கத்தில் இத்தாலியை 1-0 என்று வென்றார்கள். மறுபடியும் ஹௌட்டன்தான். அதே நேரத்தில் வடக்கு அயர்லாந்தின் லாகினைலண்ட் என்ற கிராமத்து மதுக்கடையில் அந்த ஆட்டத்தை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தவர்களைத் துப்பாக்கிக்காரர்கள் வந்து சுட்டார்கள். ஆறு பேர் இறந்தார்கள். அவர்கள் செய்த குற்றம், பந்தாட்டம் பார்த்தது.

1995 பிப்ரவரி. டப்ளின் லான்ஸ்டவுன் ரோடு மைதானத்தில் அயர்லாந்தும் இங்கிலாந்தும். அயர்லாந்து ஒரு கோல் போட்டது. மேல்தளத்தில் இருந்த ஆங்கிலேயக் காலிகள் நாற்காலிகளைப் பெயர்த்துக் கீழே இருந்தவர்கள் மீது எறிந்தார்கள். 27 நிமிடத்தில் ஆட்டம் நின்றது. வெளியேறிய ஜாக்கைப் பார்த்து அவர்கள் 'யூதாஸ், யூதாஸ்' என்று கத்தினார்கள். இங்கிலாந்துக்கு உலகக்கோப்பை வாங்கித் தந்த பதினொருவரில் ஒருவர் அவர்.

அந்த வருஷம் டிசம்பர் 13, லிவர்பூலின் ஆன்ஃபீல்ட் மைதானம். ஐரோப்பியக் கோப்பைக்குத் தகுதிபெற ஒரே ஆட்டம், நெதர்லாந்துடன். குளுயிவர்ட் என்ற பத்தொன்பது வயதுப் பையன் இரண்டு கோல் போட்டான். முடிந்தது. ஜாக்குக்கும் இதுவே கடைசி என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. தோற்ற அணியின் ரசிகர்கள் கலைந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. ஆட்டக்காரர்கள் உள்ளே போன பிறகும் பச்சைத் துண்டுகளோடு நின்று பாடிக்கொண்டே இருந்தார்கள். ஜாக் மறுபடி வெளியே வந்தார். கை அசைத்தார். கண் கலங்கிவிட்டது. நான் அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று என் வீட்டில் கேளுங்கள்.

மறு வருஷம் அயர்லாந்து அவருக்குக் கௌரவக் குடியுரிமை கொடுத்தது. 2020 ஜூலையில் அவர் இறந்தார். ஆஷிங்டன் தெருவில் சவ வண்டியைப் பார்க்க நின்றவர்கள் கையில் இங்கிலாந்துக் கொடியும் இருந்தது, அயர்லாந்துக் கொடியும் இருந்தது.

அதற்கு முன்னால், 2015 ஜூன் 7. அந்த 1995 கலவரத்துக்குப் பிறகு இங்கிலாந்து அணி முதல் தடவையாக டப்ளினுக்கு ஆட வந்தது. பழைய மைதானம் இருந்த அதே இடம், கட்டடம் மட்டும் புதிது. ஆட்டம் தொடங்குவதற்கு முன் ஜாக்கை உள்ளே அழைத்து வந்தார்கள். 80 வயது. மறதி நோய் பிடித்திருந்த காலம். மெதுவாக நடந்து வந்தார். அரங்கம் முழுக்க எழுந்து நின்றது. கைதட்டல் அடங்க நெடுநேரம் ஆயிற்று. அப்புறம் ஆட்டம் நடந்தது. கோல் இல்லாமல் டிரா. படு மோசமான ஆட்டம், அதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தைகூட நான் கேட்டதில்லை.

நன்றி, வணக்கம்.