முடிவு தெரிந்த கதைக்கு எதற்கு டிக்கட்?

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

காதல் படங்களைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள் என்றதும் வீட்டில் சிரித்தார்கள். "ஒரே கதையைத்தானே திருப்பித் திருப்பி எடுக்கிறார்கள், அதில் பேச என்ன கிடக்கு?" என்றார்கள். உண்மைதான். அவனும் அவளும் மோதிக்கொள்வார்கள், புத்தகங்கள் சிதறும், சண்டை வரும், மழை வரும், இடைவேளைக்குச் சற்று முன் யாரோ ஒருவருடைய அப்பாவுக்கு விஷயம் எட்டும். கடைசியில் ரயில் நிலையம். தயாரிப்பாளரிடம் காசு கூடுதலாக இருந்தால் விமான நிலையம். வெள்ளவத்தை சவோயிலோ தெஹிவளை கொன்கோர்டிலோ போய் உட்காரும்போதே, இந்த இருவரும் சேரப்போகிறார்கள் என்பது போஸ்டரைப் பார்த்த எல்லோருக்கும் தெரியும். பிறகு ஏன் போகிறோம்?

நமக்குத் தெரிந்த ஒன்று அந்த இரண்டு பேருக்கும் எப்போது தெரியவரும் என்று பார்க்கத்தான் போகிறோம். இதை நான் கன காலமாகச் சொல்லி வருகிறேன். இன்றைக்கும் இரண்டு மூன்று தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1996இல் 'காதல் கோட்டை' வந்தது. அகத்தியன் இயக்கிய படம், அஜித்தும் தேவயானியும் நடித்தது. சிறந்த இயக்கத்துக்கான இந்திய தேசிய விருது அகத்தியனுக்குக் கிடைத்தது. கதை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அவள் ரயில் பயணத்தில் தொலைத்த சான்றிதழ்கள் அவன் கையில் கிடைக்கின்றன. தபாலில் அனுப்பிவைக்கிறான். அவள் நன்றி சொல்லிக் கடிதம் எழுதுகிறாள், அவன் பதில் போடுகிறான், முகம் பார்க்காமலே காதல். அவள் தன் கையால் ஒரு ஸ்வெட்டர் பின்னி அனுப்புகிறாள். பிறகு ஒரே ஊருக்கு வந்துவிடுகிறார்கள். அவன் ஆட்டோ ஓட்டுகிறான், அவள் அதில் ஏறுகிறாள், வாய்ச்சண்டையும் போடுகிறாள். யாரோடு சண்டை போடுகிறோம் என்று தெரியாது!

இந்தப் படத்தை என் பெரியம்மாவோடு கொழும்பில் பார்த்தேன். அவர் முந்தைய வாரமே ஒரு தடவை பார்த்தவர். முடிவு தெரியும், வசனம் தெரியும், எந்தப் பாட்டுக்கு எழும்பித் தேநீர் குடிக்கப் போகலாம் என்பதுகூடத் தெரியும். கடைசிக் காட்சியில் ரயில் நிற்கிறது. அவள் ரயிலில், அவன் மேடையில். பெரியம்மா முன் இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "அங்கதான் நிக்கிறான் பிள்ளை, திரும்பிப் பாரன்!" என்றார். கொஞ்சம் சத்தமாகத்தான். முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ, "பார்க்கமாட்டாள் அம்மா, ரயில் வெளிக்கிட வேணும்" என்றார்! அவரும் இரண்டாம் தடவைதான் போலும். ரயில் வெளிக்கிட்டது. ஸ்வெட்டர் அவள் கண்ணில் பட்டது. பெரியம்மா கையை இருக்கையிலிருந்து எடுத்தார்.

அந்தக் காட்சியில் நாம் அறியாதது ஒன்றுமில்லை. நமக்கு எல்லாம் தெரியும், அவளுக்குத் தெரியாது. அந்த இடைவெளிதான் பெரியம்மாவைக் கத்த வைத்தது. ரயில் நிலையத்தை இயக்குநர்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதும் இதனால்தான் என்பது என் எண்ணம். ரயில் யாருக்காகவும் நிற்காது. தெரியவேண்டியது தெரியவேண்டியவருக்கு இந்த நிமிடத்துக்குள் தெரிந்தாக வேண்டும்.

இதற்கு நேரெதிராகச் செய்த படம் ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1968இல் எடுத்த 'கொலு ஹதவத'. கருணாசேன ஜயலத்தின் சிங்கள நாவலைத் தழுவியது. பள்ளிக்கூடப் பையன் ஒருவன், சுகத். பெண் தம்மி. முதற்பாதி முழுவதும் அவன் பக்கம். அவனுக்குத் தெரிந்ததற்கு மேல் நமக்கு ஒரு துளியும் தெரியாது. அவள் ஏன் விலகினாள் என்று அவனோடு சேர்ந்து நாமும் குழம்புகிறோம், அவள் மேல் கோபப்படுகிறோம். பிறகு அதே கதை அவள் பக்கத்திலிருந்து. முன்னர் நாம் பார்த்த சிரிப்புக்கும் மௌனத்துக்கும் வேறு கணக்கு இருந்தது அப்போதுதான் விளங்குகிறது. ஆனால் நமக்கு விளங்கி என்ன பயன்? அவனுக்கல்லவா விளங்க வேண்டும்! இங்கேயும் அதே விஷயம்தான் பாருங்கள், யாருக்கு எது எப்போது தெரிகிறது என்பது. நம் தமிழ்ப் பிள்ளைகள் சென்னையிலிருந்து வரும் படத்தை முதல் நாளே பார்க்கிறார்கள், இந்தப் படத்தின் பெயரைக் கேட்டால் முழிக்கிறார்கள். அது என் நெடுநாள் குறை. சரி, அதை விடுவோம்.

அடுத்தது தடை. தடை இல்லாத காதலுக்குப் படம் தேவையில்லை, கல்யாண அல்பம் போதும். ஆனால் தடை என்றால் அரிவாள் தூக்கும் மாமன்தான் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். 1934இல் ஹொலிவூட்டில் பிராங்க் காப்ரா எடுத்த 'இட் ஹப்பண்ட் வன் நைட்' படத்தில் தடை ஒரு போர்வை. கல்யாணமாகாத இருவர் வழியில் ஓர் அறையில் தங்க நேர்கிறது. அவன் குறுக்கே கயிறு கட்டி, போர்வையைத் தொங்கவிட்டு, அதற்கு எரிகோவின் மதில் என்று பெயரும் வைக்கிறான். வேதாகமம் வாசித்தவர்களுக்கு அந்த மதில் எக்காளம் ஊத விழுந்தது தெரியும். கடைசிக் காட்சியில் காதலர்களைக் காட்டுவதே இல்லை. ஊதல் சத்தம் கேட்கிறது, போர்வை விழுகிறது, படம் முடிந்தது. முக்கியமான ஐந்து ஒஸ்கார் விருதுகளும் அதற்கே போயின.

மணிரத்னத்தின் 'மௌன ராகம்', 1986. அதில் வில்லனும் இல்லை, போர்வையும் இல்லை. தாலி கட்டிய இருவர், ஒரே வீடு, பிரிவதற்கு ஒரு வருடம் காத்திருக்கச் சொன்ன சட்டம். தடை அவர்களுக்குள்ளேயே இருக்கிறது. கொழும்பில் காதலிப்பவர்களுக்கு முதல் தடை இடம்தான். காலிமுகத்திடலில் நடு வெயிலில் குடைக்குள் இருக்கிற சோடிகளைப் பாருங்கள், எந்த இயக்குநரும் அவர்களுக்கு ஆல்ப்ஸ் மலையில் பாட்டு வைக்கப்போவதில்லை.

தோழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். காதலை வீட்டாருக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்கிற தோழி சங்கப் பாட்டிலேயே இருக்கிறாள், அறத்தொடு நிற்றல் என்று அதற்கு இலக்கணமும் உண்டு. இன்றைய படங்களில் அந்த வேலையை நகைச்சுவை நடிகர் கெடுத்து வைக்கிறார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். பாட்டுக்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி வந்தேன், அது இனி முடியாது. கைத்தொலைபேசி வந்து காதல் படங்களைக் கெடுத்துவிட்டது என்கிறார்களே, அதற்கு மட்டும் ஒரு பதில். 2018இல் வந்த '96' படத்தில் எல்லோரிடமும் தொலைபேசி இருக்கிறது, வாட்ஸப் குழுவே இருக்கிறது. இருந்தும் அன்றைக்குக் கல்லூரி வாசலுக்குத் தன்னைத் தேடி வந்தவன் யார் என்பது அவளுக்கு அத்தனை வருடம் தெரியாமலே போயிருக்கிறது. தெரியும்போது அவள் வேறொருவரின் மனைவி. பாட்டுக்களைப் பற்றி இன்னொரு நாள் கூப்பிட்டால் வந்து பேசுகிறேன், செய்திக்கு நேரமாகிவிட்டதாம். வணக்கம்.