அலமாரிக்குள் பூட்டிய வானவில்

(கோபிசெட்டிபாளையத்தில் தேசிய அறிவியல் நாள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்ற உறுப்பினர் பெருமக்களே, நெல் அறுப்பு வேலையையும் விட்டுவிட்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகப் பொறுப்பாளர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய தலைமையாசிரியர் அவர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

நெருக்கமான கோடுகள் சம இடைவெளியில் அமைந்த கீற்றணி வெள்ளொளியை எவ்வாறு பிரிக்கிறது, அதை முதலில் செய்தவர் யார், அதனால் விண்மீன்களைப் பற்றி நாம் அறிந்தது என்ன என்னும் மூன்றையும் பேசுவேன் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நான் ஏறும் மேடையெல்லாம் சொல்வது உங்களுக்குத் தெரியும். இன்றும் அதைத்தான் சொல்லப் போகிறேன்.

நம்பியூர்ப் பக்கம் ஒரு சோளக்காட்டில் கிளி விரட்டப் பழைய குறுந்தகடுகளைக் கயிற்றில் கட்டியிருந்தார்கள். காட்டுக்காரப் பெரியவர் ஒன்றை அவிழ்த்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங் சார், இதுக்கு எந்தப் பட்டறையில சாயம் ஏத்துனாங்க?" என்றார். சாயமே இல்லை என்றேன், அவர் நம்பவில்லை. தோள்துண்டை நனைத்துத் தேய்த்தார், நகத்தால் சுரண்டினார். நிறம் போகவில்லை, ஆனால் தகட்டைச் சாய்க்கச் சாய்க்க இடம் மாறியது. கடைசியில், "சாயம்னா ஒரே எடத்துல நிக்கோணுமுங்களே" என்று அவரே தீர்ப்புச் சொன்னார். (கைதட்டல்)

அந்தத் தகடும் ஒரு கீற்றணிதான். அதன் பதிவுத் தடங்கள் 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளியில், மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 625 என்ற கணக்கில், தறியில் ஏற்றிய பாவு நூல்போல நெருங்கி ஓடுகின்றன. அடுத்தடுத்த தடங்களிலிருந்து வரும் அலைகளின் பாதை வேறுபாடு எந்தத் திசையில் அலைநீளத்தின் முழு மடங்காக அமைகிறதோ, அந்தத் திசையில் மட்டும் அவை முகட்டோடு முகடு சேர்ந்து வலுக்கின்றன. மற்றத் திசைகளில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. நிறத்துக்கு நிறம் அலைநீளம் வேறாதலால் திசையும் வேறாகிறது: ஒளி நேர்குத்தாக விழும்போது 400 நானோமீட்டர் ஊதா சுமார் 14.5 பாகையிலும், 650 நானோமீட்டர் சிவப்பு சுமார் 24 பாகையிலும், பாதை வேறுபாடு ஓர் அலைநீளமாக அமையும் முதல் வரிசையில் தோன்றும். முப்பட்டகத்தில் ஊதாவே அதிகம் விலகும். இங்கே சிவப்பு முந்திக்கொள்கிறது.

1785இல் அமெரிக்க வானியலாளர் ரிட்டன்ஹவுஸ் மயிரிழைகளை வரிசையாகக் கட்டியும், 1821இல் ஜெர்மானிய ஒளியியல் அறிஞர் ஃபிரான்ஹோபர் மெல்லிய கம்பிகளைக் கொண்டும் கீற்றணி செய்தார்கள். விண்மீன்களுக்கு நேரம் இருந்தால் வருகிறேன்.

மேல்நிலை இரண்டாமாண்டு இயற்பியல் செய்முறையில் கீற்றணியும், பிரிந்த ஒளியின் கோணத்தை அளக்கும் நிறமாலைமானியும் கொண்டு அலைநீளம் காணும் சோதனை உண்டு. நான் பார்த்த ஒரு பள்ளியில் அந்தக் கீற்றணி துணியில் சுற்றி அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறது. தேர்வன்று மட்டும் வெளியே வருகிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, ஐயா! சனிக்கிழமை மாலைகளில் ஆய்வகத்தைத் திறந்துவிடுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளையும் அதைக் கையில் பிடித்துத் தெருவிளக்கைப் பார்க்கட்டும். இந்த ஊர் அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதைத் தலைமையாசிரியர் அவர்கள் நன்றியுரைக்கு முன்பாக இம்மேடையிலேயே அறிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.