14 வயசுல பெரியவங்க லீக்ல

எல்லாருக்கும் வணக்கம். முன்னாடி தரையில பூட்ஸோட உக்காந்திருக்கிற பிள்ளைங்களா, உங்களுக்காகத்தான் இன்னிக்கு கொலம்பியா ஃபுட்பால் பிளேயர் லிண்டா கைசேடோ பத்திப் பேசப்போறேன், பின்னால நிக்கிற அப்பா அம்மாவும் கொஞ்சம் காது குடுங்க.

கொலம்பியால காலி நகரத்துப் பக்கம் வில்லாகோர்கோனான்னு ஒரு சின்ன ஊரு, 2005ல அங்க பொறந்த பொண்ணு. 2019ல, 14 வயசுல, அமெரிக்கா டி காலி கிளப்புக்காக பெரியவங்க லீக்ல இறங்கிட்டா, அந்த வருஷமே கப்பும் அடிச்சாங்க. திறமைன்னு சொல்லிட்டுப் போயிடலாம், ஆனா அங்க பெண்களுக்குன்னு புரொஃபஷனல் லீக் தொடங்குனதே 2017லதான், அப்ப இவளுக்கு 12 வயசு. பத்து வருஷம் முந்திப் பொறந்திருந்தா 14 வயசுல ஆட லீக்கே இருந்திருக்காது. அதுவும் அப்ப வருஷம் முழுக்க நடந்த லீக் இல்ல, சில மாசத்துல முடிஞ்சிரும். நம்ம இந்தியப் பெண்கள் லீக்கும் கிட்டத்தட்ட அதே சமயத்துல வந்ததுதான், அதை நெனச்சா எனக்கு மனசு ஆறமாட்டேங்குது.

15 வயசுல இவளுக்கு சினைப்பையில கேன்சர். ஆபரேஷன், கீமோ, எல்லாம். இனிமே ஆடவே முடியாதுன்னு நெனச்சதா அவளே பின்னாடி சொல்லிருக்கா. 2021ல டெபோர்டிவோ காலின்னு இன்னொரு கிளப்புக்காக ஆடி மறுபடி சாம்பியன்.

2022ல என்னென்ன ஆடுனா தெரியுமா? ஜூலைல தென் அமெரிக்க நாடுகளுக்கான கோபா அமெரிக்கா, அதுல பெஸ்ட் பிளேயர் இவதான், ஆகஸ்ட்ல கோஸ்டாரிகால 20 வயசுக்குள்ள உலகக்கோப்பை, அக்டோபர்ல நம்ம நாட்டுலயே 17 வயசுக்குள்ள உலகக்கோப்பை, நவி மும்பை ஃபைனல்ல ஸ்பெயின்கிட்ட 1-0னு தோத்தாங்க. மறு வருஷம் 18 ஆன கையோட ஸ்பெயினோட பெரிய கிளப் ரியல் மாட்ரிட்ல சேந்துட்டா.

2023 உலகக்கோப்பை, சிட்னில ஜெர்மனி மேட்ச். அதுக்கு மூணு நாள் முன்னாடிதான் பிராக்டீஸ்ல நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு கீழ படுத்துட்டா, பாத்தவங்களுக்கு ஈரக்குலை நடுங்கிருச்சு. அவ்ளோ சின்ன உடம்புக்கு அத்தனை டோர்னமென்ட் ஜாஸ்தின்னு நான் இன்னமும் சொல்வேன். ஆனா மேட்ச்ல 52வது நிமிஷம், பாக்ஸுக்குள்ள இடது பக்கம் பால் கிடைக்குது, ரெண்டு டிஃபெண்டருக்கு நடுவுல நுழைஞ்சு, வலது கால்ல ஒரு வளைவு, அந்தக் கோடி மூலைல போய் விழுந்துச்சு பாருங்க! அவசரமே படல அந்தப் பொண்ணு, வேகமா ஓடுற எல்லாருக்கும் அந்த ஒரு நொடி நிதானம் வராது, நீங்க கத்துக்க வேண்டியது அதைத்தான். 89ல ஜெர்மனி பெனால்டில சமன் பண்ணிட்டாங்க, 97ல கொலம்பியாவோட மனுவேலா வனேகாஸ் கார்னர்ல தலையால முட்டி ஜெயிக்க வெச்சா.

2022, 2025 ரெண்டு கோபா ஃபைனல்லயும் கொலம்பியா தோத்தது பிரேசில்கிட்ட. 2027 உலகக்கோப்பை அந்த பிரேசில்லயேதான் நடக்குது. மேட்ச் நமக்கு ராத்திரி, விடியக்காலைன்னு வரும், பரவால்ல, எல்லாரும் ஒண்ணா உக்காந்து பாப்போம், டீ என் செலவு.