விரலில் மை வைப்பதற்கு முன்னால்

நேயர்களுக்கு வணக்கம்.

முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவள் நான். 2003 மார்ச் மாதம் அமெரிக்காவும் பிரிட்டனும் ஈராக்குக்குள் படையோடு புகுந்தபோது, பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து கேட்டான்: "டீச்சர், சதாம் உசேன் கெட்டவர்தானே? கெட்டவரை விரட்டிவிட்டு ஜனநாயகம் கொண்டுவந்தால் நல்லதுதானே?" கேள்வியில் ஒரு தப்பும் இல்லை. எனக்குத்தான் அன்றைக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பதிலைத்தான் இத்தனை வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். இன்று உங்களிடம் மூன்று விஷயம் பேச நினைத்து வந்தேன். ஒன்று, ஓட்டு. இரண்டாவது, அதற்குக் கொடுத்த விலை. மூன்றாவது, 2019-இல் பாக்தாத் தெருவில் இறங்கிய இளைஞர்கள்.

முதலில் அந்தப் பையனுக்குச் சேர வேண்டிய நியாயத்தைக் கொடுத்துவிடுகிறேன். ஈராக் அதிபர் சதாம் கொடுங்கோலர்தான். 1988 மார்ச்சில் குர்து இன மக்கள் வாழும் ஹலப்ஜா என்ற ஊரின்மேல் விஷவாயு குண்டு போட்டார்கள். ஒரே நாளில் ஆயிரக்கணக்கானவர்கள், பிள்ளைகுட்டிகளோடு, வாசலிலும் தெருவிலும் விழுந்து செத்தார்கள். 1991-இல் எதிர்த்து எழுந்தவர்களைக் கொன்று குழி குழியாகப் புதைத்தார்கள். அப்புறம் 2002 அக்டோபரில் ஒரு பொதுவாக்கெடுப்பு. சதாம் தொடர வேண்டுமா, வேண்டாமா என்று கேள்வி. வாக்காளர்கள் 1,14,45,638 பேர். அத்தனை பேரும் வந்தார்கள், அத்தனை பேரும் "வேண்டும்" என்றே போட்டார்கள் என்று அறிவித்தார்கள். ஒரே ஒரு தேர்தலில் பூத்தில் உட்கார்ந்தவருக்குக்கூடத் தெரியும், இது நடக்கிற காரியம் இல்லை என்று. காய்ச்சலில் படுத்தவர், வெளியூர் போனவர், முந்தின நாள் செத்துப்போனவர் என்று ஒருவர்கூடவா இருக்க மாட்டார்? அந்த நாட்டு மக்களுக்கு நிஜமான ஓட்டு வேண்டியிருந்தது. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

பூத்தில் உட்கார்ந்தவர் என்று சொன்னேன் அல்லவா? நான் உட்கார்ந்திருக்கிறேன். ஆசிரியர் வேலையில் இருந்தால் தேர்தல் டூட்டி தப்பாது. எனக்குப் பெரும்பாலும் மை வைக்கும் வேலைதான் வரும். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் பலர் அந்த மையை விரலில் வாங்கியிருப்பீர்கள். வைக்கிற பக்கத்தில் இருந்து பார்த்தால் அது வேறு அனுபவம். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான கைகள். இடது ஆள்காட்டி விரலை நீட்டுவார்கள். எண்ணெய் தடவியிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் துணியால் துடைத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். வயலில் உழைத்த விரல்களில் மை ஒரு கோடாக நிற்காது, வெடிப்புக்குள் ஓடிவிடும். மிஷினில் விரலை இழந்த ஒருவர், "இது இல்லையேம்மா" என்று கூச்சத்தோடு கையை நீட்டினார். அடுத்த விரலில் வைத்தேன். சரியாகப் பட்டதா என்று தூக்கிப் பார்த்துக்கொண்டு போனார்.

அதனால்தான் 2005 ஜனவரி 30 அன்று டெலிவிஷனில் அந்தப் படங்களைப் பார்த்தபோது அழுதுவிட்டேன். ஈராக்கில் சதாமுக்குப் பின் நடந்த முதல் தேர்தல். அங்கே கோடு இழுக்கவில்லை, விரலையே மைப் புட்டியில் முக்கி எடுத்தார்கள். ஊதா நிறம். மை இருக்கிற விரலைக் கண்டால் கொல்லுவோம் என்று ஆயுதக்குழுக்கள் மிரட்டியிருந்தன. அப்படியும் கறுப்பு அங்கி போட்ட பாட்டிகள் வந்தார்கள், விரலை உயர்த்திக் காட்டினார்கள். பாக்தாத்தில் ஒரு வாக்குச்சாவடி வாசலில், உடம்பில் குண்டு கட்டிக்கொண்டு வந்தவனை ஒரு போலீஸ்காரர் கட்டிப்பிடித்து, வரிசையில் இருந்து தூரமாக இழுத்துக்கொண்டு போனார். இரண்டு பேரும் செத்தார்கள். வரிசை பிழைத்தது. பதிவு செய்தவர்களில் நூற்றுக்கு ஐம்பத்தெட்டு பேர் வாக்களித்தார்கள். அந்தத் துணிச்சலைச் சிறுமைப்படுத்தி நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

ஆனால் விரலில் மை வைப்பதற்கு முன்னால் என்னென்ன வேண்டும்? இதைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

என் முதல் டூட்டி வாக்குச்சீட்டு, இரும்புப் பெட்டிக் காலத்தில். போன ஊரில் இரண்டு கட்சியின் பூத் ஏஜெண்டுகளும் பங்காளிகள். நிலத்தகராறில் பேச்சுவார்த்தை அறுந்து பல வருடம் ஆகியிருந்தது. காலையில் தலைமை அலுவலர் காலிப் பெட்டியைத் திறந்து, கவிழ்த்துக் காட்டினார். இருவரும் குனிந்து பார்த்தார்கள். பெட்டிக்குள் வைக்கிற தாள் சீலில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவரிடம் பேனா இல்லை. மற்றவர் முகத்தைப் பார்க்காமலே தன் பேனாவை மேஜையில் தள்ளிவைத்தார். இவரும் பேசாமல் எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திருப்பி வைத்தார். அன்று முழுக்க ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ராத்திரி பெட்டியை ஏற்றிப்போக வேண்டிய லாரி வெகு நேரம் வரவில்லை. இரண்டு பேருமே வீட்டுக்குப் போகவில்லை. லாரி வந்து பெட்டி ஏறின பிறகுதான் கிளம்பினார்கள்.

எனக்கு ஜனநாயகம் என்றால் அந்தப் பேனாதான் நினைவுக்கு வரும். ஜெயித்தவன் நம்மை அழிக்க மாட்டான், அடுத்த முறை நாமும் ஜெயிக்கலாம் என்று இரு பக்கமும் நம்பினால்தான் ஒரே பெஞ்சில் உட்கார முடியும். பட்டியலை எழுதிய குமாஸ்தா, பெட்டிக்குக் காவல் நிற்கும் போலீஸ், மை வைக்கும் டீச்சர், இவர்கள் எல்லாருக்கும் மறுநாள் வேலை இருக்கும் என்ற உறுதியும் வேண்டும்.

இப்போது ஈராக்குக்கு வருகிறேன். 2003 ஏப்ரல் 9 பாக்தாத் விழுந்தது. பிர்தோஸ் சதுக்கத்தில் சதாம் சிலையைக் கயிறு கட்டி இழுத்த படத்தை எல்லாரும் பார்த்தோம். அடுத்த சில நாட்களில் தேசிய அருங்காட்சியகத்தில் இருந்து சுமார் 15,000 பொருட்கள் கொள்ளை போயின. தேசிய நூலகம் எரிந்தது. பல அமைச்சகங்களில் நாற்காலி, மின்கம்பிகூட மிஞ்சவில்லை. தடுக்க வேண்டிய படை பார்த்துக்கொண்டு நின்றது. மே மாதம் அமெரிக்க நிர்வாகி பால் பிரெமர் வந்தார். வந்த இரண்டு வாரத்துக்குள் இரண்டு உத்தரவு. முதல் உத்தரவு, சதாமின் பாத் கட்சியில் குறிப்பிட்ட படிநிலைகளில் இருந்தவர்கள் யாரும் அரசு வேலையில் இருக்கக் கூடாது. இரண்டாவது, ராணுவம் கலைக்கப்படுகிறது.

ஒரு ஆசிரியையாக முதல் உத்தரவை நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு கொதிக்கிறது. அந்த ஆட்சியில் ஆசிரியர் வேலைக்கும் பதவி உயர்வுக்கும் கட்சியில் சேர்ந்தாக வேண்டிய நிலைமை. வீட்டில் அடுப்பெரியக் கையெழுத்துப் போட்டவர்கள். அப்படி ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் ஒரே நாளில் வேலையிழந்தார்கள். இரண்டாவது உத்தரவில் ஏறக்குறைய நான்கு லட்சம் ராணுவத்தினர். "சண்டை போடாதீர்கள், வீட்டுக்குப் போங்கள்" என்று போருக்கு முன்னால் அவர்களுக்கு விமானத்தில் இருந்து துண்டுச் சீட்டு போட்டிருந்தார்கள். அதைக் கேட்டு வீட்டுக்குப் போனவர்களுக்குத்தான் இனி ராணுவமே இல்லை என்று உத்தரவு. கையில் ஆயுதம், மனசில் அவமானம், வேலை இல்லை. பின்னாளில் ஆயுதக்குழுக்களிலும், அதற்கும் பின்னால் ஐ.எஸ். தீவிரவாத அமைப்பிலும் பழைய ராணுவ அதிகாரிகள் இருந்ததில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. 2005 தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் எங்கே கிடைத்தது தெரியுமா? ரேஷன் பட்டியல். பொருளாதாரத் தடைக் காலத்தில் மாவும் அரிசியும் கொடுக்க வைத்திருந்த குடும்பப் பட்டியலை எடுத்துத்தான் வாக்காளர் பட்டியல் ஆக்கினார்கள். இடித்துத் தள்ளிய பழைய அரசாங்கத்தில் குமாஸ்தாக்கள் எழுதி வைத்த பட்டியல் அது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது பலருக்கு மறந்துபோயிற்று. அமெரிக்கர்கள் முதலில் போட்ட திட்டத்தில் நேரடித் தேர்தல் உடனே கிடையாது. அவர்கள் மேற்பார்வையில் மாகாணக் கூட்டங்கள் நடத்தி ஆட்களைத் தேர்ந்தெடுப்பதாகத்தான் ஏற்பாடு. நஜஃப் நகரத்து மூத்த மார்க்க அறிஞர் அலி அல் சிஸ்தானி அதை ஒப்புக்கொள்ளவில்லை. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று உறுதியாக நின்றார். 2004 ஜனவரியில் பாக்தாத்தில் பெரும் கூட்டம் தேர்தல் கேட்டு ஊர்வலம் போனது. ஓட்டை விமானத்தில் கொண்டுவந்து இறக்கவில்லை. அந்த ஊர்க்காரர்கள் கேட்டு வாங்கினார்கள்.

கேட்டு வாங்கிய தேர்தலுக்கு அந்தப் பெஞ்சு இருந்ததா? இல்லை. பல வேட்பாளர்களின் பெயரைக் கடைசிவரை வெளியே சொல்ல முடியவில்லை. சொன்னால் உயிர் போகும். ஆளைத் தெரியாமல் பட்டியல் எண்ணைப் பார்த்து ஓட்டுப் போட்டார்கள். முஸ்லிம்களில் ஒரு பிரிவினரான சன்னிகள் அதிகம் வாழும் அன்பார் மாகாணத்தில் நூற்றுக்கு இரண்டு பேர்தான் வாக்களித்தார்கள். ஒரு பங்காளி பெஞ்சுக்கே வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேர்தலில் வந்த சபைதான் அரசியல் சட்டம் எழுதியது. மறு வருடம், 2006 பிப்ரவரியில், சாமர்ரா நகரத்தில், இன்னொரு பிரிவினரான ஷியாக்களின் புனிதத் தலத்தைக் குண்டு வைத்துத் தகர்த்தார்கள். அதன் பிறகு பக்கத்து வீட்டுக்காரனைப் பக்கத்து வீட்டுக்காரன் கொன்றான்.

சரி, விலைக்கு வருகிறேன். பணம் முதலில், ஏனென்றால் அதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். போருக்கு முன்னால் வெள்ளை மாளிகையின் பட்ஜெட் தலைவர் சொன்ன கணக்கு 5,000 கோடியில் இருந்து 6,000 கோடி டாலர். 2011 கடைசியில் படைகள் வெளியேறியபோது அமெரிக்க நாடாளுமன்றம் ஒதுக்கியிருந்தது சுமார் 80,000 கோடி டாலர். அமெரிக்கச் சிப்பாய்கள் ஏறக்குறைய 4,500 பேர், பிரிட்டிஷ் சிப்பாய்கள் 179 பேர் செத்தார்கள். இத்தனைக்கும் முதல் காரணமாகச் சொன்ன பேரழிவு ஆயுதங்கள் அங்கே இல்லவே இல்லை. ஈராக்கியப் பொதுமக்கள்? செய்திகளிலும் ஆவணங்களிலும் சம்பவம் சம்பவமாகப் பதிவானதை மட்டும் கூட்டினாலே 1,80,000-க்கு மேல் போகிறது. பதிவாகாதவர்கள் தனி. வீட்டை விட்டு ஓடியவர்கள் 2007 வாக்கில் நாட்டுக்குள்ளும் வெளியேயுமாகச் சுமார் நாற்பது லட்சம் பேர்.

லட்சம் என்று சொன்னால் காதில் விழும், மனசில் விழாது. ஒரே ஒரு தெருவைச் சொல்கிறேன். பாக்தாத்தில் முத்தனப்பி தெரு என்று ஒன்று, பழைய கவிஞர் ஒருவர் பெயரில். தெரு முழுக்கப் புத்தகக் கடை. வெள்ளிக்கிழமை என்றால் தரையில் விரித்துப் பழைய புத்தகம் விற்பார்கள். "கெய்ரோ எழுதும், பெய்ரூட் அச்சடிக்கும், பாக்தாத் படிக்கும்" என்று அரபியில் ஒரு சொலவடை உண்டு. அந்தப் படிக்கிற பாக்தாத் இந்தத் தெருதான். தெருவோரம் ஷாபந்தர் என்று ஒரு பழைய டீக்கடை. எழுத்தாளர்களும் வாத்தியார்களும் உட்கார்ந்து பேசுகிற இடம். 2007 மார்ச் 5 அன்று அங்கே கார் குண்டு வெடித்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். எரிந்த காகிதம் அந்தப் பகுதி முழுக்கப் பறந்தது. டீக்கடைப் பெரியவருக்கு அன்று ஒரே நாளில் நான்கு மகன்களும் ஒரு பேரனும் போனார்கள். ஐந்து பேர். கடையை அவர் மூடவில்லை. மறுபடி கட்டினார், ஐந்து பேர் படத்தையும் சுவரில் மாட்டினார், வழக்கம்போல டீ கொடுத்தார்.

"இந்த விலை தகுமா?" என்று அவர் கடையில் போய் உட்கார்ந்து யார் கேட்க முடியும்? என் மனசு இங்கேதான் தீர்மானத்துக்கு வந்தது. தகாது. விலையைப் பேசி முடித்தவர்கள் வேறு ஊரில் இருந்தார்கள், கொடுத்தவர்கள் இந்தத் தெருவில் இருந்தார்கள். சதாமின் கீழே எத்தனை பேர் இன்னும் செத்திருப்பார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. குர்துகள் அதைக் கேட்கும்போது நான் தலைகுனிந்து கேட்டுக்கொள்வேன். ஹலப்ஜாவைப் பார்த்தவர்களுக்கு அந்த உரிமை உண்டு. ஜப்பானைச் சொல்பவர்களும் உண்டு. 1945-க்குப் பிறகு அங்கே ஜனநாயகம் வந்ததே என்பார்கள். ஜப்பானில் 1890-லேயே நாடாளுமன்றம் கூடியது. அங்கே அமெரிக்கர்கள் அரசு அலுவலகங்களைக் கலைக்கவில்லை, குமாஸ்தாக்களை வைத்துத்தான் நாட்டை நடத்தினார்கள். பெஞ்சும் இருந்தது, பேனாவும் இருந்தது.

நிலையத்தார் இரண்டு நிமிடம் என்று கை காட்டுகிறார்கள். மூன்றாவது விஷயத்துக்கு இவ்வளவுதான் நேரம், இருந்தாலும் விட்டுவிட மனசு வரவில்லை. 2019 அக்டோபரில் பாக்தாத் தஹ்ரீர் சதுக்கத்திலும் தெற்கு நகரங்களிலும் இளைஞர்கள் திரண்டார்கள். பலர் படை நுழைந்தபோது கைக்குழந்தைகள். ஷியாவுக்கு இது, சன்னிக்கு இது, குர்துக்கு இது என்று பதவியைப் பங்கு போட்டுக்கொள்ளும் ஏற்பாடு வேண்டாம் என்றார்கள். "எங்களுக்கு ஒரு தாய்நாடு வேண்டும்" என்று எழுதிப் பிடித்தார்கள். சுமார் அறுநூறு பேரைச் சுட்டும், கண்ணீர்ப்புகைக் குண்டால் தலையில் அடித்தும் கொன்றார்கள். பிரதமர் விலகினார், தேர்தல் சட்டம் மாறியது, 2021-இல் தேர்தல் முன்கூட்டியே நடந்தது.

அந்த நாட்களில் சதுக்கத்துக்குள் ஆம்புலன்ஸ் நுழைய முடியாத இடத்துக்கெல்லாம் ஆட்டோக்கள் நுழைந்தன. நாம் ஏறிப்போகிற அதே மூன்று சக்கர ஆட்டோ. ஓட்டியவர்கள் ஏழைப் பேட்டைப் பையன்கள், சிலருக்கு ஓட்டுப் போடுகிற வயதுகூட ஆகவில்லை. அடிபட்டவர்களைப் பின் சீட்டில் கிடத்தி, புகைக்குள் ஹாரன் அடித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், காசு வாங்கவில்லை. அன்றைக்கு என் வகுப்பில் கேள்வி கேட்ட பையனின் வயதுதான் இவர்களுக்கும் இருக்கும்.

நன்றி, வணக்கம்.